கருத்துத் திருட்டு: ஆய்வாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பல்கலைக்கழக நூலகம் ஒன்றில் ஆய்வேடுகளையும் கட்டுரைகளையும் மென்பொருளில் ஏற்றி, முன்பே வெளிவந்தவற்றோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் ஒப்புமை அறிக்கை எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஓர் ஆய்விதழின் பதிப்புக் குழுவிலும் இருக்கிறேன். மேசைக்கு எதிரே வந்து உட்காருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு. முதலாண்டில் கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கும் சந்தேகம், ஆய்வேடு சமர்ப்பிக்கும் வாரத்தில் எழும்போது ஆளையே குலைத்துவிடுகிறது. அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, விடைகளையும் சேர்த்திருக்கிறேன்.

கருத்துத் திருட்டு என்றால் அப்படியே காப்பி அடிப்பதுதானே?

அது ஒரு வகை. பிறருடைய சொல், கருத்து, தரவு, படம், அட்டவணை, ஆய்வுமுறை, வாதத்தை அடுக்கிய வரிசை ஆகியவற்றில் எதை எடுத்தாலும், யாருடையது என்று சொல்லாமல் நம்முடையதுபோல் வைத்தால் அது கருத்துத் திருட்டு. வாசகர் ஒரு வரியைப் படிக்கும்போது, வேறு பெயர் சுட்டப்படாதவரை, இது கட்டுரையாசிரியரின் உழைப்பு என்று நம்பிப் படிக்கிறார். அந்த நம்பிக்கைக்கு உங்கள் வரி உண்மையாக இருக்கிறதா என்று பாருங்கள். கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதை வைத்தே விடை காணலாம்.

முன்னோரைச் சுட்டும் பழக்கம் மேல்நாட்டு இறக்குமதி என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். தொல்காப்பியம் நூற்பாவுக்கு நூற்பா ‘என்மனார் புலவர்’ என்கிறது. பரிமேலழகர் தாம் ஏற்காத உரையையும் ‘என்று உரைப்பாரும் உளர்’ என்று பதிவு செய்துவிட்டே மேலே போகிறார். தமிழில் ஆய்வு செய்கிறவர்களுக்கு இது பழைய வழக்கம்.

பதிப்புரிமை முடிந்த நூலிலிருந்து எடுத்தால் தவறில்லையே?

இரண்டும் வேறு வேறு. பதிப்புரிமை சட்டத்தின் பாற்பட்டது. இந்தியாவில் ஆசிரியர் இறந்து 60 ஆண்டுகளோடு முடிந்துவிடும். யாருடையது என்று சொல்லும் கடமைக்குக் காலவரையறை இல்லை. பாரதியார் பாடல்கள் 1949இலேயே நாட்டுடைமை ஆகிவிட்டன, யாரும் அச்சிடலாம். அதற்காக அவருடைய வரியை உங்கள் வரியாகப் போட்டுக்கொள்ள முடியுமா?

மறுபக்கமும் உண்டு. பெயரைச் சொல்லிவிட்டாலே படத்தையோ அட்டவணையையோ எடுத்தாள உரிமை வந்துவிடாது. பதிப்பாளரிடம் எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டியிருக்கும். சில நிபந்தனைகளோடு பிறர் எடுத்தாள முன்கூட்டியே அனுமதி தரும் ‘கிரியேட்டிவ் காமன்ஸ்’ உரிமத்தில் கட்டுரை வெளிவந்திருந்தால் அந்த உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்துப் பாருங்கள்.

எத்தனை சதவீதம் வரை இருக்கலாம்?

மிக அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிமுறைகளில் நான்கு நிலைகள் உள்ளன. ஒப்புமை 10 சதவீதம் வரை சுழிய நிலை: தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை முதல் நிலை: ஆய்வாளர் ஆறு மாதத்துக்கு மிகாத கெடுவுக்குள் ஆய்வேட்டைத் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை இரண்டாம் நிலை: ஓராண்டுக்குத் திருத்திய ஏட்டைச் சமர்ப்பிக்க முடியாது. 60க்கு மேல் போனால் மூன்றாம் நிலை: பதிவே ரத்து. பட்டம் பெற்ற பிறகு தெரியவந்தாலும் பட்டத்தை நிறுத்திவைக்க விதியில் இடம் இருக்கிறது.

ஆசிரியர்கள் வெளியிடும் கட்டுரைகளுக்கும் இதே நிலைகள்தாம். முதல் நிலையில் கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்வார்கள். இரண்டாம் நிலையில் அதோடு ஓர் ஆண்டு ஊதிய உயர்வு போகும், இரண்டு ஆண்டுகளுக்குப் புதிய மாணவர்களை நெறிப்படுத்த முடியாது. மூன்றாம் நிலையில் இரண்டு ஊதிய உயர்வுகள், மூன்று ஆண்டுகள். உரிய முறையில் சுட்டிய மேற்கோள்கள், துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முன்னுரை, நன்றியுரை, சட்ட வாசகங்கள், பொதுவான சமன்பாடுகள் ஆகியவை கணக்கில் சேராது. தற்செயலாக ஒத்துப்போகும் தொடர்களும் 14 சொற்கள் வரை சேராது.

பத்துக்குக் கீழே வந்துவிட்டது. இனிக் கவலை இல்லையே?

இருக்கிறது. மென்பொருள் சொல்வது ஒப்புமையை மட்டும். திருட்டா இல்லையா என்று அதற்குத் தெரியாது. 8 சதவீதம் காட்டிய ஓர் அறிக்கையைத் திறந்து பார்த்தேன். அந்த எட்டும் ஒரே மூலத்திலிருந்து, முடிவுரையில் இரண்டு பக்கம் தொடர்ச்சியாக வந்திருந்தது. அந்த ஆய்வேட்டின் உயிர்ப்பகுதியே வேறொருவருடையது. இன்னோர் ஏட்டில் 23 சதவீதம். பிரித்துப் பார்த்தால் கேள்வித்தாளின் வாசகம், மாவட்டங்களின் பெயர்கள், அரசுத் திட்டங்களின் நீண்ட தலைப்புகள் என்று சிறு சிறு துண்டுகள். அந்தப் பெண் அழும் நிலையில் வந்திருந்தார். குற்றம் எதுவுமே அதில் இல்லை.

அதனால் எண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். அறிக்கையில் வண்ணமிட்ட ஒவ்வொரு பகுதியையும் மூலத்தோடு வைத்துப் படியுங்கள். நெறியாளரும் உடன் உட்கார்ந்து படிக்க வேண்டும். கையெழுத்துப் போடுகிறவர் முதல் பக்கத்தின் எண்ணை மட்டும் பார்த்துவிட்டுப் போடுவதுதான் இந்தத் துறையில் எனக்குப் பெரிய வருத்தம்.

எங்கே சோதிப்பது? இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறதே?

உங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் கேளுங்கள். காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம், 2019இல் தொடங்கிய ‘சோத்சுத்தி’ திட்டத்தின் வழியே பல்கலைக்கழகங்களுக்கு மென்பொருளை வழங்கிவருகிறது; முதலில் உர்குண்ட், பின்னர் டிரில்பிட். சில நிறுவனங்கள் ‘டர்னிட்டின்’ என்ற மென்பொருளைத் தனியாக வாங்கி வைத்திருக்கின்றன. ஆய்விதழ்கள் பலவும், பதிப்பாளர்கள் உறுப்பினராக உள்ள கிராஸ்ரெஃப் அமைப்பின் வழியாக ‘ஐதென்டிகேட்’ என்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க ஒவ்வொன்றும் சேர்த்து வைத்திருக்கும் நூல்களும் கட்டுரைகளும் வேறு. இங்கே 6 வந்த கட்டுரை அங்கே 15 வந்தால் யாரும் ஏமாற்றிவிட்டதாகப் பொருளில்லை.

முகம் தெரியாத இலவசத் தளத்தில் வெளியிடாத கட்டுரையை ஏற்றாதீர்கள். அது எங்கே போய்ச் சேரும் என்று உங்களால் அறிய முடியாது. நண்பருடைய மாணவர் கணக்கில் ஏற்றுவதும் ஆபத்து. ‘களஞ்சியத்தில் சேர்க்க வேண்டாம்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்காமல் ஏற்றினால், உங்கள் வரைவு அங்கே பதிந்துவிடும். பிறகு முறையாகச் சோதிக்கும்போது உங்கள் கட்டுரை உங்கள் கட்டுரையோடே 100 சதவீதம் ஒத்துப்போகும். சில மாதங்களுக்கு ஒருவராவது இப்படி வெளிறிய முகத்தோடு வருகிறார்.

சொற்களை மாற்றி எழுதிவிட்டால் போதாதா?

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். மூலத்தில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: ‘ஏரிப் பாசனத்தில் நீரைப் பங்கிடும் பொறுப்பை நீர்க்கட்டிகள் ஏற்றிருந்தனர், அவர்களுக்கான ஊதியம் நெல்லாக வழங்கப்பட்டதால், விளைச்சல் குறைந்த ஆண்டுகளில் அவர்களும் இழப்பைப் பகிர்ந்துகொண்டனர்.’ இதை ஒருவர் இப்படி மாற்றுகிறார்: ‘குளத்துப் பாசனத்தில் தண்ணீரைப் பிரிக்கும் கடமையை நீர்க்கட்டிகள் மேற்கொண்டிருந்தனர், அவர்களுக்குரிய கூலி நெல்லாகத் தரப்பட்டதால், மகசூல் குன்றிய வருடங்களில் அவர்களும் நட்டத்தைப் பங்கிட்டனர்.’ மென்பொருள் இதை விட்டுவிடலாம். ஆனால் வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. கூலியையும் இழப்பையும் இணைத்துப் பார்த்த சிந்தனை மூல ஆசிரியருடையது, அவர் பெயரோ இல்லை. இதுவும் திருட்டுதான்.

முறையாக எழுதினால் இப்படி வரும்: ‘நீர்க்கட்டிக்கு நெல்லாகக் கூலி கொடுத்தது அவரையும் விளைச்சலின் ஏற்ற இறக்கத்தோடு கட்டிப்போட்டது என்கிறார் இன்னார். நான் களப்பணி செய்த மூன்று ஊர்களில் கூலி பணமாக மாறியபின் இந்தப் பிணைப்பு தளர்ந்திருப்பதைக் காண முடிந்தது.’ மூலவர் எங்கே முடிகிறார், நீங்கள் எங்கே தொடங்குகிறீர்கள் என்பது வாசகருக்குத் தெரிந்துவிடுகிறது. மூல நூலை மூடி வைத்துவிட்டு எழுதுங்கள். மூடினால் எழுத வரவில்லை என்றால் இன்னும் புரியவில்லை என்று பொருள். மறுபடி படிக்க வேண்டியதுதான்.

சொல் மாற்றிக் கொடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். மேலே சொன்ன எலும்புக்கூடு சிக்கல் அப்படியே இருக்கும், அதன் மேல் பொருளும் கெடும். 2021இல் கியோம் கபனாக், சிரில் லபே, அலெக்சாந்தர் மகாசினோவ் ஆகிய மூவர், வெளிவந்த ஆங்கிலக் கட்டுரைகளில் விசித்திரமான தொடர்களைக் கண்டெடுத்துப் பட்டியலிட்டார்கள். மார்பகப் புற்றுநோயைக் குறிக்கும் ‘பிரெஸ்ட் கேன்சர்’ என்ற தொடர் ‘பூசம் பெரில்’, அதாவது நெஞ்சின் ஆபத்து, ஆகியிருந்தது. ‘ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்பது ‘கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னெஸ்’, அதாவது போலிப் பிரக்ஞை, ஆகியிருந்தது. சித்திரவதைப்பட்ட தொடர்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். இப்போது அந்தத் தொடர்களை வைத்தே கட்டுரைகளைப் பிடிக்கிறார்கள்.

அறிமுகப் பகுதியில் நாலு வரிதானே? முடிவுகள் எல்லாம் என்னுடையவை.

2011இல் ‘அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ்’ இதழில் வந்த ஒரு கட்டுரையில், முன்பே வெளிவந்த வேறொரு கட்டுரையின் சில வாக்கியங்கள் அப்படியே இருந்தது தெரியவந்தது. அதன் ஆசிரியர்களுள் மூத்த அறிவியலாளர் சி.என்.ஆர். ராவும் ஒருவர். ஆய்வு முடிவுகள் அவர்களுடையவைதாம். கட்டுரை திரும்பப் பெறப்படவும் இல்லை. ஆனாலும் அதே இதழில் மன்னிப்புக் குறிப்பு வெளியிட வேண்டியிருந்தது, நாடு முழுவதும் செய்தியானது. நாலு வரியின் விலை அவ்வளவு.

அறிமுகப் பகுதியில் பழைய ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்வது கடினமான வேலை. ஆங்கிலத்தில் எழுதும்போது மொழி கைகொடுக்காததால் பிறருடைய வாக்கியத்தைப் பிடித்துக்கொள்கிறார்கள். இது எனக்குப் புரிகிறது. எளிய ஆங்கிலத்தில், குட்டை வாக்கியத்தில் எழுதுங்கள். மொழியைச் சீர்செய்ய உதவி கேட்பதில் வெட்கம் இல்லை.

தெரியாமலே நடந்துவிடுகிறது. எப்படித் தடுப்பது?

குறிப்பெடுக்கும் இடத்தில். திட்டமிட்டுத் திருடியவர்களைவிட, இரண்டு ஆண்டுகளுக்கு முன் குறிப்பேட்டில் எழுதிய வரி யாருடையது என்று மறந்துபோனவர்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். எங்கள் நூலகத்துக்கு வந்த ஓர் ஆய்வாளர் இரண்டு பேனா வைத்திருப்பார். நூலிலிருந்து எடுக்கும் வரியைச் சிவப்பில், மேற்கோள் குறிக்குள், பக்க எண்ணோடு எழுதுவார். தம் எண்ணத்தை நீலத்தில் எழுதுவார். ஆய்வேடு எழுதும்போது சிவப்பு எதுவும் சுட்டாமல் உள்ளே போக வழியே இல்லை. கணினியில் குறிப்பெடுத்தால் எழுத்தின் நிறத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பக்க எண் இல்லாத குறிப்பைக் குறிப்பாகவே எண்ணாதீர்கள்.

சொட்டீரோ, மெண்டலே போன்ற மென்பொருள்கள் துணைநூற்பட்டியலைப் பார்த்துக்கொள்ளும். எந்த வரி யாருடையது என்பதை நீங்கள்தான் எழுதி வைக்க வேண்டும்.

என் கட்டுரையிலிருந்து நானே எடுத்தால் அது எப்படித் திருட்டாகும்?

பொருள் உங்களுடையதுதான். ஆனால் புதியது என்று நம்பி வாங்குகிற வாசகரிடமும் இதழிடமும் பழையதைக் கொடுக்கிறீர்கள். பல்கலைக்கழக மானியக் குழு 2020 ஏப்ரலில் வெளியிட்ட அறிவிப்பில், முன்பு வெளியானதை உரிய சுட்டல் இல்லாமல் திரும்பப் பயன்படுத்துவது ஏற்கத்தக்கதல்ல என்று சொல்லிவிட்டது. ஒரே கட்டுரையை இரண்டு இதழ்களுக்கு ஒரே நேரத்தில் அனுப்புவதும், ஓர் ஆய்வைத் துண்டு போட்டு நான்கு கட்டுரை ஆக்குவதும் இதே குடும்பம்.

ஆய்வேட்டிலிருந்து கட்டுரை எழுதலாம். இது என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் இன்ன இயலிலிருந்து உருவானது என்று கட்டுரையிலேயே குறிப்பிடுங்கள். இதழாசிரியருக்கு அனுப்பும் கடிதத்திலும் சொல்லுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளை இணையத்தில் சேர்த்து வைக்கும் ‘சோத்கங்கா’ களஞ்சியத்தில் உங்கள் ஆய்வேடு இருப்பதால் மென்பொருள் எப்படியும் காட்டிவிடும். முன்கூட்டியே சொன்னவருக்கு அது ஒரு தகவல், சொல்லாதவருக்கு அது ஒரு விசாரணை. கட்டுரை முதலில் வந்து ஆய்வேடு பின்னால் வந்தால், பல பல்கலைக்கழகங்கள் நெறியாளரின் சான்றோடு அந்தக் கட்டுரையைக் கணக்கிலிருந்து விலக்குகின்றன. உங்கள் பல்கலைக்கழகத்தின் நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆங்கில நூலைத் தமிழில் எழுதினால் யாருக்குத் தெரியும்? தமிழ் ஆய்வேட்டை மென்பொருள் பிடிக்காதாமே?

மொழிபெயர்த்தாலும் கருத்து மூலவருடையதுதான். முதல் கேள்வியின் சோதனையை இங்கே போட்டுப் பாருங்கள். மென்பொருள் தமிழில் தடுமாறுவது உண்மை. வேற்றுமை உருபு மாறினாலே சொல் வேறாகிவிடுகிறது. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை (யூனிகோடு) ஏற்ற பிறகும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஏடுகள் வருகின்றன. அவை மென்பொருளின் கண்ணுக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அதனால் பிடிஎஃப் கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பார்ப்பது என் முதல் வேலை. தமிழாக வந்தால்தான் சோதனைக்கே எடுப்பேன்.

மென்பொருளைத் தாண்டிவிட்டாலும் தேர்வாளர் இருக்கிறார். 2 சதவீதம் காட்டிய ஒரு தமிழ் ஏட்டைப் படித்த பேராசிரியர், அதில் 1965 என்றிருந்த ஓர் ஆண்டைச் சுட்டினார். சரியான ஆண்டு 1956. பழைய நூல் ஒன்றின் முதல் பதிப்பில் மட்டும் அந்த அச்சுப்பிழை உண்டு என்பது அவருக்குத் தெரியும். அந்த நூலின் பெயர் துணைநூற்பட்டியலில் எங்குமே இல்லை.

சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்ததில் ஒப்புமையே வரவில்லை. அனுப்பலாமா?

ஒப்புமை வராததால் அது உங்கள் எழுத்தாகிவிடாது. ‘கோப்’ எனப்படும் வெளியீட்டு நெறிமுறைக் குழு 1997இல் தொடங்கப்பட்டது. உலகின் பல ஆய்விதழ்கள் அதன் வழிகாட்டுதல்களைப் பின்பற்றுகின்றன. செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கட்டுரையாசிரியராகக் குறிப்பிட முடியாது, பயன்படுத்தியிருந்தால் எங்கே, எப்படி என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும், பிழைக்கு மனிதரே பொறுப்பு என்பது அதன் நிலைப்பாடு. இல்லாத கட்டுரைகளுக்கும் அந்தக் கருவி மேற்கோள் தயாரித்துத் தரும். துணைநூற்பட்டியலில் உள்ள ஒவ்வொன்றையும் நீங்கள் கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இதழாசிரியர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். செயற்கை நுண்ணறிவைக் கண்டுபிடிக்கும் கருவி காட்டும் எண்ணை மட்டும் நம்பி ஒருவரைக் குற்றவாளி ஆக்காதீர்கள். ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது.

உடன் எழுதியவர் செய்த தவறுக்கு நானும் பொறுப்பா?

கட்டுரையில் பெயர் இருந்தால் ஆம். இறுதி வரைவைப் படிக்காமல் பெயர் சேர்க்கச் சம்மதிக்காதீர்கள். ஒப்புமை அறிக்கையை எல்லாரும் பார்த்துவிட்டு அனுப்புவதை வழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதழாசிரியர் கண்டுபிடித்தால் உடனே தடை செய்துவிடுவாரா?

மாட்டார், அப்படிச் செய்யவும் கூடாது. வெளிவராத கட்டுரை என்றால் முதலில் உங்களிடம் சான்றுகளை அனுப்பி விளக்கம் கேட்பார். சிறிய அளவாகவோ கவனக்குறைவாகவோ தெரிந்தால் திருத்தச் சொல்வார். பெரிய அளவு என்றால் நிராகரித்துவிட்டு, விளக்கம் திருப்தி தராதபோது உங்கள் நிறுவனத்துக்கும் எழுதலாம். பதில் எழுதாமல் இருப்பதுதான் மிகப் பெரிய தவறு. மௌனத்தை நிறுவனத்துக்குப் போகச் சொல்லும் சைகையாகத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

வெளிவந்த கட்டுரை என்றால் திருத்தக் குறிப்பு அல்லது திரும்பப் பெறுதல். திரும்பப் பெற்ற கட்டுரை இணையத்திலிருந்து மறையாது. அந்த அறிவிப்பு முத்திரையோடு அங்கேயே இருக்கும். நிறுவனத்துக்குள், துறையின் நேர்மைக் குழு முதலில் விசாரித்து 45 நாட்களுக்குள் அறிக்கை தர வேண்டும், பிறகு நிறுவனக் குழு பார்க்கும் என்று 2018 விதிகள் சொல்கின்றன.

என் கட்டுரையை வேறொருவர் திருடி வெளியிட்டுவிட்டார். என்ன செய்வது?

கோபத்தில் சமூக ஊடகத்தில் எழுதாதீர்கள். முதலில் அந்தக் கட்டுரையின் பிடிஎஃப் கோப்பைச் சேமியுங்கள், இணையப் பக்கத்தை ‘வேபேக் மெஷின்’ காப்பகத்தில் பதிந்து வையுங்கள். பிறகு இரண்டு நெடுவரிசை உள்ள ஓர் அட்டவணை போடுங்கள்: இடப்பக்கம் உங்கள் வரி, வலப்பக்கம் அவர் வரி, இரண்டுக்கும் பக்க எண், வெளியான தேதி. இதழாசிரியருக்கு அரைப்பக்கக் கடிதத்தோடு அனுப்புங்கள். ‘திருடன்’ என்ற சொல் அதில் வேண்டாம். அட்டவணை பேசும்.

பதில் வராவிட்டால் பதிப்பாளருக்கும், இதழ் கோப் உறுப்பினராக இருந்தால் அந்த அமைப்புக்கும், அவருடைய நிறுவனத்துக்கும் எழுதுங்கள். பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் பதில் எழுதுவதில்லை. அங்கே நிறுவனத்தின் வழிதான் பலன் தரும்.

மதிப்பீட்டுக்கு அனுப்பிய கட்டுரையையே மதிப்பீட்டாளர் திருடினால்?

நடந்திருக்கிறது. அமெரிக்க மருத்துவர் மைக்கேல் டான்சிங்கர் குழுவினர் அனுப்பிய கட்டுரையை ‘அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின்’ என்ற மருத்துவ இதழ் நிராகரித்தது. அதை மதிப்பிட்டவரே பின்னர் அதைத் தம் கட்டுரையாக வேறோர் இதழில் வெளியிட்டார். டான்சிங்கர் அவருக்கு எழுதிய திறந்த மடலை 2016 இறுதியில் அதே அன்னல்ஸ் வெளியிட்டது. அந்தக் கட்டுரையும் திரும்பப் பெறப்பட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் கைகொடுப்பது, அனுப்பிய தேதி பதிவில் இருப்பதுதான். இதழின் ஒப்புகை மின்னஞ்சலை ஒருபோதும் அழிக்காதீர்கள். துறையில் வழக்கம் இருந்தால், இதழில் வரும் முன்பே கட்டுரையை இணையத்தில் வெளியிடும் முன்வெளியீட்டுக் களஞ்சியத்தில் ஏற்றித் தேதியை நிலைநாட்டலாம்.

என் நெறியாளரே என் இயலைத் தம் பெயரில் வெளியிட்டிருக்கிறார். கேட்டால் பட்டம் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இந்தப் பயம் நியாயமானது. அதைச் சாதாரணமாக நான் ஒதுக்க மாட்டேன். முதலில், அவருக்கு நீங்கள் இயலை அனுப்பிய மின்னஞ்சல்கள், தேதியிட்ட வரைவுகள், அவர் திருத்தி அனுப்பிய கோப்புகள் ஆகியவற்றை வெளியே ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். ஆய்வுக் குழுவில் உள்ள வேறோர் உறுப்பினரிடம் நேரில் பேசுங்கள். ‘பெயர் விடுபட்டிருக்கிறது, சேர்க்க முடியுமா ஐயா’ என்று எழுத்தில் பணிவாகக் கேட்பது பல நேரங்களில் காரியத்தை முடித்துவிடும். அதற்கும் அசையவில்லை என்றால் மேலே சொன்ன அட்டவணையோடு நேர்மைக் குழுவுக்குப் போக உங்களுக்கு உரிமை உண்டு. எப்போது போவது என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அதுவரை சான்றுகள் கெடாமல் இருக்கட்டும்.

பதவி எப்போதும் காப்பாற்றிவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2002இல் குமாவூன் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் பெயரில் வந்த இயற்பியல் கட்டுரை, ஸ்டான்ஃபோர்டு அறிவியலாளர் ஒருவரின் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்ற புகார் குடியரசுத் தலைவர் வரை போனது. விசாரணைக்குப் பின் அவர் பதவி விலகினார்.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் வெளிவந்த என் கட்டுரையில் சுட்டாமல் விட்ட ஒரு பத்தியை இப்போதுதான் கவனித்தேன். யாரும் கேட்கவில்லை. சொல்லத்தான் வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். இந்தக் கேள்வியோடு வந்த ஒருவருடன் உட்கார்ந்து கடிதம் எழுதினேன். ஐந்து வரிதான். கட்டுரையின் பெயர், வெளியான இதழ் எண். எந்தப் பக்கத்தில் எந்தப் பத்தி. அது யாருடைய நூலில் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது. குறிப்பெடுக்கும்போது மேற்கோள் குறி விடுபட்டது. திருத்தக் குறிப்பு வெளியிட வேண்டுகிறேன். அனுப்பும் பொத்தானை அழுத்தும் முன் இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். பத்து நாளில் இதழாசிரியரிடமிருந்து நன்றி சொல்லிப் பதில் வந்தது. அடுத்த இதழில் மூன்று வரித் திருத்தம் வெளியானது, மூல நூலாசிரியரின் பெயரோடு.